சோதிக்கிறவருக்கும் ஒரு சோதனை



உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மாமியார் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். விஷயத்தை மட்டும் அவர் வார்த்தையிலேயே தருகிறேன்.

“எங்க மருமக உத்திரமேரூர்ல ஒரு ஆஸ்பத்திரி லேப்ல வேலை செய்யறா. ரத்தம், யூரின் டெஸ்ட் பண்ற வேலை. ரெண்டு வருஷ டிப்ளமா படிச்சு சர்ட்டிபிகேட் வாங்கிப் பத்து வருஷம் ஆச்சு. மூணு வயசுல பேரன் இருக்கான். இப்ப மூணு நாள் டிரெய்னிங்னு சென்னைக்குப் போகணும்னு சொல்றா. போன வருஷமும் இப்படித்தான் வேலூருக்குப் போனா. ராத்திரி குழந்தை தூங்கினப்புறம் செல்போன்ல ஏதோ பாடம் கேக்கறா. போகாதேன்னு நான் சொல்லலை. ஆனா படிச்சு முடிச்சு, வேலைக்கும் போயாச்சு. இன்னும் என்ன படிப்பு? மெஷின்தானே டெஸ்ட் பண்ணுது? நான் கேக்கறது தப்பா, நீங்களே சொல்லுங்க.”

தப்பே இல்லை அம்மா. கேட்க வேண்டிய கேள்விதான். லேப்பில் ரத்தம் கொடுத்துவிட்டு, சாயந்திரம் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு போகிற நாம் எல்லோருமே கேட்க வேண்டிய கேள்வி. அதனால் உங்களுக்குச் சொல்கிற பதிலை எல்லாச் சகோதரிகளுக்குமாகச் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

மெஷின்தானே?

வீட்டில் மிக்ஸி இருக்கிறது என்பதற்காகச் சட்னி தானாக ருசித்துவிடுகிறதா? தேங்காய் நல்லதா, உப்பு எவ்வளவு, எத்தனை சுற்று என்பதெல்லாம் நம் கையில்தானே இருக்கிறது? லேப் மெஷினும் அப்படித்தான். அதற்குள் போகிற ரத்தம் சரியாக இருந்தால்தான் வெளியே வருகிற எண்ணும் சரியாக இருக்கும்.

நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த ஒரு டெஸ்ட்டையே எடுத்துக்கொள்வோம். கர்ப்பமான பெண்ணுக்கு 75 கிராம் குளுகோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கிறார்கள் அல்லவா? 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகால நீரிழிவு என்று அர்த்தம். வெறும் வயிற்றோடுதான் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத இந்த எளிய முறை நம் நாட்டில் பரவியதில் சென்னை டாக்டர் வி. சேஷய்யாவுக்குப் பெரும் பங்கு உண்டு. கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வருகிற பெண்ணுக்கு இது எவ்வளவு சௌகரியம், பாருங்கள்!

இப்போது ஒரு பெண்ணுக்கு உண்மையான அளவு 144 என்று வைத்துக்கொள்வோம். ரத்தம் குழாய்க்குள் போன பிறகும் அதிலுள்ள செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன. சும்மா இருக்குமா? குழாயில் இருக்கிற சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரணக் குழாயில் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை சர்க்கரை குறைந்துவிடும். கத்திரி வெயிலில் இன்னும் வேகமாகக் குறையும். 144 ஆக இருந்தது, ஒரு மணி நேரம் மேஜைமேல் கிடந்தால் ஏறக்குறைய 135 ஆகிவிடும். மெஷின் பொய் சொல்லவில்லை. அதற்குக் கொடுத்த ரத்தத்தில் இருந்ததை அளந்து 135 என்று காட்டுகிறது. “சர்க்கரை இல்லைம்மா, நார்மல்” என்று அந்தப் பெண்ணும் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விடுவாள்.

பிறகு? வயிற்றில் குழந்தை அளவுக்கு மீறிப் பெருத்து, பிரசவம் கஷ்டமாகலாம். பிறந்த குழந்தைக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். தாய்க்கும் பிற்காலத்தில் நீரிழிவு வருகிற வாய்ப்பு அதிகம் என்ற எச்சரிக்கை கிடைக்காமலே போய்விடும். இத்தனைக்கும் காரணம், ஒரு மணி நேரம் மேஜைமேல் கிடந்த ஒரு குழாய்!

இதற்காகத்தான் சர்க்கரைக்கு ரத்தம் எடுக்கும்போது புளோரைடு போட்ட, சாம்பல் நிற மூடி உள்ள குழாயை உபயோகிக்கிறார்கள். “புளோரைடு போட்டால் போதும், சர்க்கரை குறையாது” என்றுதான் பல காலம் பாடம் நடத்தினார்கள். பிறகு ஆராய்ந்து பார்த்தபோது, புளோரைடு வேலை செய்ய ஆரம்பிக்கவே நேரம் பிடிக்கிறது, முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குச் சர்க்கரை குறைந்துகொண்டேதான் இருக்கிறது என்று தெரிந்தது. 2011-ல் வெளியான அமெரிக்க வழிகாட்டி நெறிகள், ரத்தம் எடுத்த உடனே குழாயை ஐஸ் தண்ணீரில் வை, அரை மணிக்குள் செல்களைப் பிரித்துவிடு, அது முடியாவிட்டால் சிட்ரேட் கலந்த குழாயை உபயோகி என்று சொல்லின.

இந்த விஷயம் தெரிய வருவதற்கு முன்னால் டிப்ளமா முடித்த பெண்ணுக்கு இதை யார் சொல்வார்கள்? சர்ட்டிபிகேட் சொல்லாது. மெஷினும் சொல்லாது. எங்கேயாவது போய்த்தான் தெரிந்துகொண்டு வர வேண்டும்.

பாடம் பழசாகும்

நம் அம்மா காலத்தில் ஹீமோகுளோபின் எப்படிப் பார்த்தார்கள் தெரியுமா? சாலி என்பவர் பெயரால் வழங்கும் முறை. விரலில் குத்தி, மெல்லிய குழாயில் 0.02 மில்லி லிட்டர் ரத்தம் உறிஞ்சி, அமிலத்தில் கலந்து, சுமார் பத்து நிமிஷம் காத்திருந்து, பழுப்பு நிறம் வந்ததும் தண்ணீர் சேர்த்துச் சேர்த்துப் பக்கத்தில் இருக்கும் கண்ணாடியின் நிறத்தோடு ஒத்துப் பார்ப்பது. வெளிச்சம் குறைந்தாலும், கண் மங்கினாலும், அவசரப்பட்டாலும் கணக்கு மாறிப் போகும். இன்று எத்தனையோ இடங்களில் அதற்குப் பதிலாக எலெக்ட்ரானிக் கருவிகள் வந்துவிட்டன. 2024-ல் உலக சுகாதார நிறுவனம் ரத்த சோகைக்கான புதிய வழிகாட்டியை வெளியிட்டபோது, முடிந்த இடத்தில் விரல் ரத்தத்தைவிட நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தை மெஷினில் பார்ப்பதே நல்லது என்றது. கர்ப்பத்தின் நடு மூன்று மாதத்துக்கு எல்லைக் கோட்டையும் 11 கிராமிலிருந்து 10.5 ஆக மாற்றியது.

“அரை கிராம்தானே?” என்று தோன்றும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் 100-க்கு 57 பேருக்கு ரத்த சோகை இருந்தது. 7 கிராமுக்குக் கீழே போன கர்ப்பிணியை இரும்புச் சத்து மாத்திரை மட்டும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டும். 6.8 இருக்கிறவளுக்கு 7.4 என்று எழுதிவிட்டால், அவள் பிரசவத்துக்கு உத்திரமேரூரிலேயே இருப்பதா, காஞ்சிபுரமோ செங்கல்பட்டோ போவதா என்ற முடிவே மாறிவிடும். அரை கிராமுக்கு அவ்வளவு கனம் உண்டு.

இன்னொன்று சொல்கிறேன். இது நம்மையே தொடுகிற விஷயம். முடி கொட்டுகிறது என்று கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறோம் அல்லவா? அவற்றில் பலவற்றில் பயோட்டின் என்ற வைட்டமின் இருக்கிறது. உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 30 மைக்ரோகிராம்தான். முடி மாத்திரையிலோ 5, 10 மில்லிகிராம்கூட இருக்கும். அதாவது முந்நூறு மடங்குக்கும் மேலே! சில வகை தைராய்டு டெஸ்ட்டுகளில் பயோட்டினை வைத்துத்தான் அளக்கிறார்கள். ரத்தத்தில் வேறு பயோட்டின் நிறைந்திருந்தால் டெஸ்ட் குழம்பிப்போகும். டி.எஸ்.எச். குறைவாகவும், தைராய்டு ஹார்மோன் அதிகமாகவும் காட்டும். இல்லாத நோய் இருப்பதாகத் தோன்றும்! 2017-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் இதைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்தது. பத்து வருஷத்துக்கு முன் படித்த பெண், “ஏதாவது முடி மாத்திரை சாப்பிடறீங்களாக்கா?” என்று கேட்கிறாள் என்றால், அவள் பிறகும் படித்திருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளலாம்.

2020-ஆம் வருஷத்தை யாராவது மறக்க முடியுமா? தமிழ்நாட்டில் கொரோனா முதன்முதலாக உறுதியானது மார்ச் 7-ஆம் தேதி. காஞ்சிபுரத்தைச் சேர்ந்த ஒருவருக்கு. அதற்கடுத்த சில வாரங்களில், ஆர்.டி.பி.சி.ஆர். என்ற டெஸ்ட்டின் பெயரைப் பாடப் புத்தகத்தில் மட்டும் பார்த்திருந்த எத்தனையோ டெக்னீஷியன்கள் அதைக் கையால் செய்யக் கற்றுக்கொண்டார்கள். கவச உடைக்குள் வேர்த்துக்கொட்ட, ஒரு துளி பக்கத்துக் குழியில் தெறித்தால் இன்னொருவருடைய ரிப்போர்ட்டே மாறிவிடும் என்ற பயத்தோடு கற்றார்கள். 1899-ல் ஆரம்பித்த கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற பழைய நிறுவனங்கள் இருந்ததால்தான், கற்றவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க முடிந்தது.

உங்க ஊர்க் கல்வெட்டு

உத்திரமேரூர் அம்மாவுக்கு நான் கல்வெட்டைப் பற்றிச் சொன்னால், கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாகிவிடும்! வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். ஊரை 30 குடும்பாகப் பிரித்து, ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டு, ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று ஆட்களைத் தேர்ந்தெடுத்த விவரம் அதில் இருக்கிறது. அவற்றோடு பொன் வாரியமும் ஒன்று. பொன்னின் மாற்றுச் சரிதானா என்று பார்க்கிற பொறுப்பு அதற்கு.

வாரியத்தில் ஒருவர் இருக்கக்கூடிய காலம் 360 நாள்தான். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பேரைக் குடத்திலேயே போடக் கூடாது. அவர் உறவுக்காரர்கள் பேரும் கூடாது! ஒரு தரம் தகுதி பெற்றுவிட்டால் ஆயுசு முழுக்கப் போதும் என்று பதினோரு நூற்றாண்டுக்கு முன்னாலேயே உங்கள் ஊர்க்காரர்கள் நினைக்கவில்லை. பொன்னைப் பார்க்கிறவரையும் பார்க்க ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள்.

இன்றைக்கும் மளிகைக் கடைத் தராசுக்கும் எடைக் கல்லுக்கும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை முத்திரை போட வேண்டும் என்பது சட்டம். பருப்பு அளக்கிற கல்லுக்கே முத்திரை வேண்டும் என்றால், ரத்தத்தை அளக்கிற கைக்கு வேண்டாமா?

லேப்புக்கு வருகிற பரீட்சைகள்

நல்ல லேப்பில் முதல் பரீட்சை தினம் காலையிலேயே நடந்துவிடும். நம் ரத்தத்தைத் தொடுமுன், அளவு முன்கூட்டியே தெரிந்த ஒரு ‘கன்ட்ரோல்’ திரவத்தை மெஷினில் போட்டுப் பார்ப்பார்கள். வந்த எண்ணைக் கட்டம் போட்ட தாளில் புள்ளியாக வைப்பார்கள். நடுவில் ஒரு கோடு, மேலே ஓர் எல்லை, கீழே ஓர் எல்லை. புள்ளி எல்லைக்கு வெளியே போனால் அன்றைக்கு வேலையை நிறுத்திக் காரணம் தேட வேண்டும். உள்ளேயே இருந்தாலும், நாலைந்து நாளாக ஒரே பக்கமாக ஏறிக்கொண்டே போகிறதா என்று பார்க்க வேண்டும். மருந்து கெட்டிருக்கலாம், விளக்கு மங்கியிருக்கலாம். அந்தப் புள்ளிகளைப் படிக்கத் தெரிவது தனிக் கலை. பழகப் பழகத்தான் வரும்.

இரண்டாவது பரீட்சை வெளியிலிருந்து வரும். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் பயோகெமிஸ்ட்ரி பிரிவு நடத்துகிற திட்டம் ஒன்று உண்டு. அதில் சேர்ந்த லேப்புகளுக்கு, உலர்த்திய மாதிரிகளைச் சிறு புட்டிகளில் அனுப்பிவிடுவார்கள். உள்ளே சர்க்கரை எவ்வளவு, யூரியா எவ்வளவு என்று சொல்ல மாட்டார்கள். மாதம் ஒரு புட்டியைக் கரைத்து, நம் ரத்தத்தைப் பரிசோதிக்கிற மாதிரியே பரிசோதித்து முடிவை அனுப்ப வேண்டும். மற்ற லேப்புகளோடு ஒப்பிட்டு, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பதில் வரும். வித்தியாசம் பெரிதாக இருந்தால் வெட்கப்பட்டுத் தாளை மறைத்து வைப்பதில் பிரயோஜனம் இல்லை. எங்கே தவறினோம் என்று தேட வேண்டும். அந்தத் தேடலில் கற்றுக்கொள்வது எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது.

காச நோய்த் திட்டத்திலும் இப்படி ஒரு ஏற்பாடு உண்டு. சளியைத் தடவிப் பார்த்த கண்ணாடித் தகடுகளைத் தூக்கிப் போடாமல் பத்திரப்படுத்தி, அவற்றில் சிலவற்றைப் பொறுக்கி எடுத்து, முதலில் என்ன முடிவு எழுதினார்கள் என்று தெரியாத இன்னொருவரிடம் கொடுத்துத் திரும்பப் பார்க்கச் சொல்வார்கள். சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் காச நோய் ஆராய்ச்சிக்காக ஆரம்பித்த மத்திய நிறுவனம் இன்றும் லேப்புகளுக்குப் பெரிய பக்கபலமாக இருக்கிறது. சளியில் கிருமி இருந்தும் ‘இல்லை’ என்று எழுதிவிட்டால், இருமிக்கொண்டே வீட்டுக்குப் போகிறவர் பக்கத்தில் பேரக் குழந்தைகள்தானே படுத்துத் தூங்கும்? அதனால்தான் இவ்வளவு கட்டுக்காவல்.

நாட்டுக்கு நாடு

இங்கிலாந்தில் ஆஸ்பத்திரி லேப் விஞ்ஞானிகள் அரசு ஒப்புதல் பெற்ற ஒரு பதிவேட்டில் இருந்தால்தான் அந்தப் பெயரோடு வேலை செய்ய முடியும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அந்தப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். என்னென்ன கற்றோம் என்று ஒவ்வொருவரும் குறித்து வைத்திருக்க வேண்டும். புதுப்பிக்கும் சமயத்தில் நூற்றுக்கு இரண்டரை பேர் வீதம் குலுக்கல் மாதிரிப் பொறுக்கி எடுத்து, “உன் குறிப்பைக் காட்டு” என்று கேட்பார்கள். எத்தனை மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்தாய் என்பது அங்கே கணக்கில்லை. நீ கற்றதால் உன் வேலை எப்படிச் சீரானது, உன்னிடம் வருகிற நோயாளிக்கு என்ன நன்மை என்று எழுதிக் காட்ட வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது!

நம் நாட்டில் டாக்டருக்கும் நர்ஸுக்கும் கவுன்சில் பதிவு உண்டு. லேப்பில் வேலை செய்கிறவர்களுக்கு நாடு தழுவிய பதிவேடு நெடுங்காலம் இல்லை. 2021-ல் மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றிற்று. லேப் படிப்புப் படித்தவர்களையும் சேர்த்து மத்தியிலும் மாநிலங்களிலும் பதிவேடு வைக்க அந்தச் சட்டம் வழி செய்தது. என்.ஏ.பி.எல். அங்கீகாரம் கேட்கிற லேப்புகள் ஐ.எஸ்.ஓ. 15189 என்ற உலகத் தர விதியைப் பின்பற்ற வேண்டும். ஊழியர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி தர வேண்டும், அவர்கள் திறமையை அவ்வப்போது சோதிக்க வேண்டும் என்று அந்த விதியிலேயே இருக்கிறது.

இன்னொரு சட்டம், மாமியார் அம்மா கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. 2016-ஆம் வருஷத்து மருத்துவக் கழிவு விதிகளின்படி, ஊசி, ரத்தக் குழாய் போன்ற கழிவுகளைக் கையாளுகிற ஊழியர்களுக்கு வேலையில் சேரும்போதும், பிறகு வருஷத்துக்கு ஒரு தடவையாவதும் பயிற்சி தர வேண்டும். மஞ்சள் காமாலை பி வகைக்கும் டெட்டனஸுக்கும் தடுப்பூசி போட வேண்டும். கையில் ஊசி குத்திவிட்டால் பிழியக் கூடாது, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பயிற்சியில் வரும். எய்ட்ஸ் கிருமித் தடுப்பு மருந்து தேவைப்பட்டால் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். உங்கள் மருமகள் தினமும் சாயந்திரம் வீட்டுக்கு வந்து பேரனைத் தூக்குகிற கை அது. அந்தக் கை பத்திரமாக இருக்கவும் இந்தப் பயிற்சி வேண்டும் அம்மா.

வீட்டில் என்ன செய்யலாம்?

பயிற்சிக்கு இடம் கிடைத்தும் போக முடியாத பெண்கள் எத்தனையோ பேர். குழந்தையை யார் பார்ப்பது, ராத்திரி எங்கே தங்குவது, லீவு கொடுப்பார்களா, சம்பளம் பிடிப்பார்களா என்று ஆயிரம் யோசனை. கூட வேலை செய்கிற ஆண் பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். இவள் மட்டும் ஒவ்வொருவராகக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். நாலு தடவை ‘முடியாது’ என்று சொன்ன பிறகு, ஐந்தாவது தடவை அவளைக் கூப்பிடவே மாட்டார்கள்.

ஆகவே, மாமியார் அம்மா, மூன்று நாள் பேரன் உங்களிடம் இருக்கட்டும். மகனையும் சும்மா விடாதீர்கள்! சாயந்திரம் சீக்கிரம் வந்து பிள்ளையைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டச் சொல்லுங்கள். எங்கே தங்குகிறாள், கூட யார் வருகிறார்கள், சென்னையிலிருந்து எந்த பஸ்ஸில் திரும்புகிறாள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது பெரியவர்களின் அக்கறை. ‘எதுக்கு இதெல்லாம்’ என்று முகத்தைச் சுளிப்பது வேறு. ராத்திரி அவள் பாடம் கேட்கிற அரை மணியில் பாத்திரத்தை நீங்களோ உங்கள் மகனோ கழுவி வைத்துவிட்டால், அந்தப் பெண் அதை ஆயுசுக்கும் மறக்க மாட்டாள்.

லேப் வேலையில் இருக்கிற தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. பயிற்சிக்குப் போனால்தான் படிப்பு என்று இல்லை. இவற்றைச் செய்து பாருங்கள்:

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, என்ன புதிதாகத் தெரிந்துகொண்டேன், அதனால் வேலையில் எதை மாற்றினேன் என்று மூன்றே வரி எழுதினால் போதும். நாளைக்குப் பதிவைப் புதுப்பிக்கும்போது கேட்டாலும் கேட்காவிட்டாலும் அது உங்கள் சொத்து.

சந்தேகமான ஸ்லைடை மூடி வைக்காமல் மூத்தவர்களிடம் காட்டுங்கள். அவர்கள் சொல்வதற்கு முன் உங்கள் முடிவைத் தனியாக எழுதி வைத்துவிட்டு, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நீங்கள் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டும் நோயாளியின் நிலைமையும் ஒத்துப்போயிற்றா என்று டாக்டரைக் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பிரசவ லீவு முடிந்து திரும்பினால், முதல் சில நாள் இன்னொருவர் பார்வையில் செய்துவிட்டுப் பிறகு தனியாக ஆரம்பியுங்கள். ஆறு மாதத்தில் மெஷினும் மாறியிருக்கும், மருந்தும் மாறியிருக்கும். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

ரத்தம் கொடுக்கப் போகும்போது

லேப்பில் இருக்கிறவர் எவ்வளவுதான் படித்திருந்தாலும், நாம் ஒத்துழைக்காவிட்டால் ரிப்போர்ட் சரியாக வராது. ஆகவே நாமும் சிலவற்றைப் பழகிக்கொள்வோம்.

வெறும் வயிறு என்று டாக்டர் சொல்லியிருந்தால், காபியும் கூடாது. தண்ணீர் குடிக்கலாம். வழியில் பசித்து ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இன்னொரு நாள் வருவது நஷ்டம் இல்லை.

சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும் சொல்லுங்கள். முடி மாத்திரை, சத்து மாத்திரை, நாட்டு மருந்து உட்பட. தைராய்டு டெஸ்ட்டுக்கு முன் பயோட்டின் மாத்திரையை எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று டாக்டரைக் கேளுங்கள். இரண்டு நாளாவது நிறுத்தச் சொல்வது வழக்கம்.

ரத்தம் எடுத்ததும் குழாய்மேல் உங்கள் பெயரும் வயதும் எழுதுகிறார்களா என்று கண்ணால் பாருங்கள். ஒரே பெயரில் நாலு பேர் வருகிற ஊர் நம் ஊர்!

விரலில் குத்தும்போது ரத்தம் வரவில்லை என்று நீங்களே பிழிய வேண்டாம். பிழிந்தால் சதையிலுள்ள நீரும் கலந்துவிடும், எண் மாறிப்போகும்.

சர்க்கரை நோய்க்காரர்கள் மூன்று மாதச் சராசரி பார்க்கும் எச்.பி.ஏ.1.சி. டெஸ்ட் எடுக்கும்போது, ரத்த சோகை இருந்தால் டாக்டரிடம் ஞாபகப்படுத்துங்கள். இரும்புச் சத்துக் குறைவால் அந்த எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டுவது உண்டு.

பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக ஒரு பையில் போட்டு வையுங்கள். முடிந்தவரை ஒரே லேப்பில் பாருங்கள். எண் திடீரென்று எங்கேயோ போயிருந்தால் பயந்து போய் மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். டாக்டரிடம் காட்டுங்கள், தேவைப்பட்டால் அவர் திரும்பப் பார்க்கச் சொல்வார்.

அப்புறம், “வெளியிலிருந்து வருகிற பரீட்சைத் திட்டத்தில் உங்க லேப் சேர்ந்திருக்காம்மா?” என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. சேர்ந்திருந்தால் பெருமையாகச் சொல்வார்கள். சேராத லேப்பில் பத்துப் பேர் கேட்டால், பதினோராவது ஆள் கேட்குமுன் முதலாளி யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

உத்திரமேரூர் அம்மா, உங்கள் மருமகள் சென்னையிலிருந்து திரும்பினதும், “என்னம்மா புதுசா கத்துக்கிட்டு வந்தே?” என்று கேளுங்கள். அவள் சொல்வதில் உங்களுக்குப் புரிந்ததை எனக்கு ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள். அடுத்த இதழ்களில் மற்றச் சகோதரிகளுக்கும் சொல்லுவோம்.